பின்னால் வருகிறவர்

பயணத்தின் பெருமையைப் போய்ச் சேரும் இடத்தின் பெருமையைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். காசிக்குப் போய் வந்தவரைத் தெருவே திரண்டு வந்து பார்க்கிறது. தாஜ்மகாலைப் பார்த்து வந்தவர் அதைப் பற்றி ஓர் ஆண்டு பேசலாம். எதற்காகப் போனீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கமாட்டார்கள். ஆனால், சைதாப்பேட்டையில் உள்ள ஒரு பழைய கல்லைப் பார்ப்பதற்காக ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து சைக்கிளில் போனேன் என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் முகத்தில் முதலில் வருவது சிரிப்பு. சிரிப்புக்குப் பின் வருவது ஒரு கேள்வி: "இதனால் யாருக்கு என்ன பயன்?"

சிரிப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கேள்வியைப் பொருட்படுத்தத்தான் வேண்டும். ஓய்வு நாள் ஒன்றையும், உடலின் உழைப்பையும், பத்துப் பதினைந்து பேருடைய காலத்தையும் ஒரு கல்லுக்காகச் செலவிடலாமா? செய்ய வேண்டிய காரியங்கள் உலகில் இத்தனை இருக்கும்போது, வேடிக்கை பார்க்கப் போவதை ஒரு நல்ல காரியம் என்று சொல்ல முடியுமா?

சென்னையில் இப்படிப் போகிறவர்கள் இப்போது பலர். ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கணிப்பொறியின் முன்னால் வாரம் முழுவதும் உட்கார்ந்து முதுகு வலி கண்டவர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் அவர்களில் இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. வெயில் ஏறுவதற்கும் லாரிகள் பெருகுவதற்கும் முன்பே போய்விட வேண்டும் என்று ஐந்தரை மணிக்கே ஒரு தெருமுனையில் கூடுகிறார்கள். வழி தெரிந்த ஒருவர் முன்னால் போகிறார். இன்னொருவர் எல்லோருக்கும் கடைசியில் வருகிறார். காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் அவரிடம் இருக்கின்றன. முன்னால் போகிறவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் வருகிறவருக்குப் பின்னால் யாரும் தங்கிவிடக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத இந்த ஒரு சட்டத்தைத்தான் அவர்கள் மதிக்கிறார்கள்.

அவர்கள் பார்க்கப் போகும் பொருள்கள் பெரும்பாலும் சிறியவை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-ல் கட்டிய பாலம் ஒன்று இருந்தது. மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் சிதைந்து, அது 'மார்மலாங்' பாலம் ஆயிற்று என்பார்கள். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் கட்டியது அது. 1960-களில் பழைய பாலம் போய் மறைமலை அடிகள் பாலம் வந்துவிட்டது. அந்த வணிகரின் கல்வெட்டு மட்டும் எஞ்சியது. அங்கிருந்து தெற்கே போனால் பரங்கிமலை. 1802-ஆம் ஆண்டு ஏப்ரலில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி வில்லியம் லாம்ப்டன், பரங்கிமலைப் பக்கத்தில் ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை 100 அடிச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அளந்து முடிக்க 57 நாள் ஆயிற்று. இந்தியாவை முழுவதும் அளந்து, பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் கணக்கிட்டுச் சொன்ன மாபெரும் பணிக்கு அந்தக் கோடுதான் தொடக்கம். இன்னும் சிறிது தூரம் போனால் பல்லாவரம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் 1863 மே 30 அன்று அங்கே ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லை எடுத்தார். அது வெறும் கல் அன்று. பழைய கற்கால மனிதன் கையால் செதுக்கிய கருவி. அதே ஆண்டில் அவர் பார்த்த அத்திரம்பாக்கத்தின் கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையவை என்று 2011-ல் வெளிவந்த ஆய்வு கூறியது.

இவ்வளவும் தெரிந்து கொண்டால் அறிவு வளரும். ஆகையால் இந்தப் பயணம் பயனுள்ளது என்று விடை சொல்லிவிடலாம். அது எளிய விடை. ஆனால் அது முழு விடை ஆகாது. அறிவுதான் வேண்டும் என்றால் வீட்டில் மின்விசிறியின் கீழே அமர்ந்து ஒரு புத்தகத்தைப் படித்தால் போதும். லாம்ப்டனின் கோட்டைப் பார்க்கப் போகிறவர் அங்கே கோடு எதையும் காணமாட்டார்; வீடுகளையும் கடைகளையும்தான் காண்பார். ஏழரை மைலைக் கடக்கச் சைக்கிளுக்கு ஒரு மணி நேரம்கூட வேண்டாம். அந்தத் தூரத்துக்கு 57 நாள் எடுத்துக்கொண்ட பொறுமையை நினைத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்கிறோம். பக்கத்தில் உள்ள பச்சை கண்ணில் படுவதே இல்லை. அதைப் பார்க்க மெதுவாகப் போக வேண்டும் என்பதும் உண்மைதான். ஆயினும், பார்ப்பது மட்டுமே ஒரு நற்குணம் ஆகிவிடாது. பார்த்த இடங்களை எண்ணிக்கை போட்டு வைத்துக் கொள்பவர் இருக்கிறார். கல்லின் பக்கத்தில் நின்று கைப்பேசியில் படம் எடுத்துக் கொண்டு, கல்லைப் பாராமலே திரும்புகிறவரும் இருக்கிறார். பணத்தைச் சேர்க்கிறவனுக்கும் காட்சிகளைச் சேர்க்கிறவனுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. இருவருக்கும் நேற்றுச் சேர்த்தது இன்று போதாது.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்றை நண்பர் ஒருவர் கூறினார். "அதே சாலையில் அதே நேரத்தில் பால் கொண்டு போகிறவனும் சைக்கிளில்தானே போகிறான்? கட்டட வேலைக்குப் போகிறவன் கேரியரில் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக் கொண்டு மிதிக்கிறானே! அவனுக்குச் சைக்கிள் விளையாட்டுப் பொருளா? வீட்டில் காரை நிறுத்திவிட்டு, அந்த ஏழையின் வருஷ வருமானத்தை விலையாகக் கொடுத்து ஒரு சைக்கிள் வாங்கி, அவனைத் தாண்டிக் கொண்டு வேடிக்கை பார்க்கப் போகிறீர்களே, இது நியாயமா?"

இந்த மறுப்பில் உள்ள சூட்டை நாம் உணர வேண்டும். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்டார்கள். கல்லுடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்யும் பெண்கள், கிராமத்துச் செவிலியர்கள். ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பிக் கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்; அதன் முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக் கொண்டு போகலாம் அல்லவா? பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திராமல், தாமே நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவது அவர்களுக்குக் கிடைத்த விடுதலை. அந்தப் பெண் மிதித்த ஒரு மைலின் முன்னால் நம்முடைய ஞாயிற்றுக்கிழமை இருபது மைலுக்கு என்ன எடை?

ஆனால், ஒருவனுக்கு ஓய்வு இல்லை என்பதற்காக இன்னொருவனுடைய ஓய்வு குற்றம் ஆகிவிடாது. ஓய்வு எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதே குற்றம். ஓய்வு பெற்றவன் அதில் என்ன கற்றுக் கொள்கிறான் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். முந்நூறு ஆண்டுக்கு முந்திய கல்லை நின்று பார்க்கிறவன், தன் பக்கத்தில் பால் பாத்திரத்தோடு மிதித்து வருகிறவனைப் பாராமல் மணியடித்து விலக்கிக் கொண்டு போனால், அவன் பார்வைக்கு ஒரு காசு மதிப்பும் இல்லை. இது நண்பருக்குச் சொல்லும் பதில் மட்டும் அன்று. சைக்கிள் ஏறும் ஒவ்வொருவரும் தமக்கே வைத்துக் கொள்ள வேண்டிய சோதனை.

இந்தப் பயணங்களின் பயன் கல்லில் இல்லை, கல்லின் அருகே நிகழும் ஒரு சிறு செயலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் செயல் காத்திருத்தல்.

ஒரு குழுவில் எல்லோருடைய காலிலும் ஒரே வலிமை இருப்பதில்லை. இருபது வயது மாணவன் காற்றைப்போல் வந்து சேருகிறான். அறுபது வயதுக்காரர் மூச்சு வாங்க வருகிறார். சென்ற மாதம்தான் சைக்கிள் வாங்கிய ஓர் அம்மாள், மேட்டில் இறங்கித் தள்ளிக் கொண்டு வருகிறார். ஒருவருக்குச் செயின் கழன்றுவிட்டது. முன்னே வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்? கல்லைச் சுற்றி நின்று எழுத்தைப் படிக்க முயல்கிறார்கள். ஒருவர் ஏதோ கதை சொல்கிறார். மற்றொருவர் அதை மறுக்கிறார். பத்து நிமிடம் போகிறது. பின்னால் வருகிறவர்கள் வந்து சேரும்போது, "உங்களுக்காகத்தான் நிற்கிறோம்" என்று யாரும் சொல்வதில்லை. "தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள்" என்று அவர்களும் சொல்ல வேண்டியதில்லை. "வாருங்கள், இந்த எழுத்து உங்களுக்குப் புரிகிறதா பாருங்கள்" என்று வழி விடுகிறார்கள். காத்திருந்தவனுக்குத் தான் தியாகம் செய்ததாக நினைப்பு வராமலும், காக்க வைத்தவருக்குத் தான் சுமையாகிவிட்டதாகக் கூச்சம் வராமலும் அந்தக் கல் நடுவில் நின்று இருவரையும் காப்பாற்றுகிறது.

பெரிய இடங்களுக்குப் போகும்போது இது நிகழ்வது அரிது. சூரியன் எழுவதற்குள் சிகரத்தை அடைய வேண்டும், நடை சாத்துவதற்குள் சந்நிதியை அடைய வேண்டும் என்ற பரபரப்பில் பின்தங்கியவர் மீது எரிச்சல் பிறக்கிறது. சிறிய கல் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. அது எங்கும் ஓடிவிடாது. அதை முதலில் பார்த்தேன் என்று பெருமை கொள்ளவும் முடியாது. இலக்கு சிறியதாக இருப்பதால் மனிதன் பெரிதாகத் தெரிகிறான்.

இங்கே வலிமை உள்ளவன் ஒரு கேள்வி கேட்கலாம். "என் கால்களின் வலிமை நான் உழைத்துப் பெற்றது. இன்னொருவருடைய தளர்ச்சிக்காக அதை நான் ஏன் கட்டி வைக்க வேண்டும்?" நியாயமான கேள்விதான். வேகமாகப் போகக் கூடியவர்கள் ஒரு நாளும் வேகமாகப் போகவில்லை என்றால், உலகத்தில் சிகரங்கள் ஏறப்பட்டிரா. பந்தயத்துக்கு என்று நாள் உண்டு. அன்று அவன் பறக்கட்டும், நாம் கரையில் நின்று கை தட்டுவோம். ஆனால் "சேர்ந்து போவோம்" என்று சொல்லிப் புறப்பட்ட பிறகு, அவனுடைய வேகம் அவனுக்கு மட்டும் சொந்தம் அன்று. காத்திருப்பதை இரக்கம் என்று அவன் நினைத்தால் அது தவறு. இரக்கம் மேலிருந்து கீழே பார்க்கிறது. கொடுத்த வாக்கு சமமாக நின்று பார்க்கிறது. கடைசியில் வருகிறவர் அவனிடம் பிச்சை கேட்கவில்லை. இருவரும் செய்து கொண்ட உடன்பாட்டை அவன் காப்பாற்றுகிறான்; அவ்வளவே.

இப்படி நினைத்துப் பார்த்தால், அந்தப் பழைய கல்லும் வேறு விதமாகப் பேசத் தொடங்குகிறது. உஸ்கான் செல்வர். ஆற்றைக் கடக்க அவருக்கு எத்தனையோ வழி இருந்திருக்கும். ஆயினும் அவர் பாலம் கட்டினார். கட்டியதோடு நில்லாமல், பாலம் பழுதுபட்டால் செப்பனிடுவதற்கும் பணம் ஒதுக்கி வைத்தார். முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்தார் என்பதன்றி இதற்கு வேறு என்ன பொருள்? அவர் ஊரிலிருந்து வெகு தொலைவில், அவர் மொழி பேசாத மக்கள், அவர் முகத்தைக் காணாத தலைமுறைகள் அதன் மேல் நடந்து போயின.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. மாலையில் அதைச் சுற்றிக் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அது எதற்கென்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. ஷ்மிட் என்னும் டென்மார்க் நாட்டு மாலுமி 1930-ல் அந்தக் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் பாய்ந்து தம் உயிரைக் கொடுத்தார். கடலை நன்றாக அறிந்தவர் அவர். அதன் ஆபத்தையும் அறிந்திருப்பார். கரையில் நின்றிருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

பத்து நிமிடம் காத்திருப்பதையும் உயிரைக் கொடுப்பதையும் ஒரே தராசில் வைக்க நான் துணியவில்லை. ஒன்று மலை, ஒன்று மணல். ஆனால் இரண்டிலும் கழுத்து ஒரே பக்கமாகத்தான் திரும்புகிறது. பின்னால் இருப்பவர் என்ன ஆனார் என்று பார்க்கிற பழக்கம் திடீரென்று ஒரு நாள் பெரிய அலையின் முன்னால் வந்துவிடாது. சின்னஞ்சிறு சமயங்களில், யாரும் பாராட்டாத இடங்களில், அது வளர வேண்டும். வகுப்பில் கணக்குப் புரியாமல் கடைசி வரிசையில் விழிக்கிற பையனுக்காக ஆசிரியர் இன்னொரு முறை சொல்வதும், குடும்பத்தில் சம்பாதிக்க வகையற்றுப்போன அண்ணனைத் தம்பி சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற முறையும் இந்தப் பழக்கத்தின் கிளைகள்தாம்.

ஆகவே, "யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பவரிடம் கல்லின் வயதைச் சொல்லி வாதாட வேண்டியதில்லை. அவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைக்கலாம். எல்லோருக்கும் கடைசியில் வரும் பொறுப்பை அவரிடமே கொடுக்கலாம். நகரம் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறது என்று கணக்கெடுக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கடைசியில் வருகிறவர் எங்கே வந்து கொண்டிருக்கிறார் என்று பார்க்கவும் ஒருவர் இருந்தால்தான், அந்தக் கூட்டத்துக்கு ஊர் என்று பெயர்.