கேட்கத் தெரிந்தவர்களின் சாட்சியம்

ஒரு வேலையின் தரம் அதைச் செய்தவனுக்கு மட்டுமே தெரியுமென்றால், அவனுடைய நற்பெயர் எதன் மேல் நிற்கிறது? பியானோவுக்கு ஸ்ருதி சேர்க்கும் தொழிலில் இந்தக் கேள்வியைத் தப்பிக்க வழியில்லை.

பியானோவில் 88 கட்டைகள். ஏறக்குறைய 230 கம்பிகள். ஒவ்வொன்றையும் முறுக்காணியைத் திருப்பி நிறுத்த வேண்டும். நிறுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. ஆணி திரும்பியது போலத் தோன்றும். உண்மையில் மரத்துக்குள் தன்னையே முறுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிமிஷத்தில் ஸ்ருதி சுத்தமாகவே ஒலிக்கும். சில நாட்களில் நழுவிவிடும். வீட்டுக்காரர் பருவநிலையைக் குறை சொல்வார். அவர் அறிந்ததெல்லாம் வந்தவன் நேரத்துக்கு வந்தான், மரியாதையாகப் பேசினான் என்பதுதான். இப்படிச் சேரும் நற்பெயரில் வேலையின் பங்கு சொற்பம்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு அரசாங்க உரிமம் தேவையில்லை. இரண்டு சங்கங்கள் 1957ல் இணைந்து உருவான பியானோ டெக்னீஷியன்ஸ் கில்டு, தன் உறுப்பினர்களுக்குள்ளேயே ஒரு கோடு போட்டிருக்கிறது: பரீட்சை தராதவர்கள் ஒரு பக்கம், எழுத்து, பழுதுபார்த்தல், ஸ்ருதி சேர்த்தல் என்று மூன்றிலும் தேறியவர்கள் மறுபக்கம். ஸ்ருதிப் பரீட்சைதான் நம் கேள்விக்கு முக்கியம். முதலில் தேர்வாளர்கள் கூடி ஒரு பியானோவுக்கு ஸ்ருதி சேர்த்து, கருவியால் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அதைக் கலைத்துவிட்டுத் தேர்வு தருபவனிடம் விடுகிறார்கள். அவன் சேர்த்தது தங்களுடையதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கணக்கிடுகிறார்கள். 80 சதவிகிதம் பெற வேண்டும். கட்டையை ஓங்கி அடித்து, கம்பி நிற்கிறதா என்றும் சோதிக்கிறார்கள்.

தேர்வாளர்களின் ஸ்ருதி மட்டும் ஏன் சரி என்று கேட்கலாம். பியானோவில் இயற்கையான சுத்தம் சாத்தியமில்லை. சமப் பங்கீட்டில் பஞ்சமம் ஒவ்வொன்றும் அரை ஸ்வரத்தின் நூறு பங்கில் இரண்டு பங்கு குறைகிறது. அந்தர காந்தாரம் ஏறக்குறைய பதினான்கு பங்கு ஏறுகிறது. போதாததற்கு, கம்பியின் விறைப்பால் அதன் மேல் ஒலிகள் கணக்கைத் தாண்டி உயர்கின்றன. இது பியானோவுக்குப் பியானோ வேறுபடும். ஆகவே ஒரே அட்டவணை எல்லாவற்றுக்கும் செல்லாது. ‘சரி’ என்பது, பிழையை எங்கே எவ்வளவு வைப்பது என்பதில் தேர்ந்த காதுகள் கண்ட உடன்பாடு.

உடன்பாடு என்பதாலேயே அதைத் தன்னிச்சையானது என்று தள்ளிவிட முடியாது. கருத்து வேறுபட்டால் கட்டையை மறுபடி அழுத்திக் கேட்கலாம். தேர்வாளன் தன் அபிப்பிராயத்தைக் கைவிட நேரலாம். சிறிய வட்டங்களுக்குள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே மறுபடி கேட்பதற்கு எதுவும் வைக்கப்படுவதில்லை.

ஆனால் பரீட்சை ஒரு நாளுக்கான சாட்சியம். மறுநாள் அவன் ஒரு வீட்டில் தனியாக இருக்கிறான், தேர்வாளன் இல்லை. அவனால் முடியும் என்று உறுப்பினர் அட்டை சொல்கிறது; பலர் திருப்தியடைந்தார்கள் என்று நற்பெயர் சொல்கிறது. இன்றைக்கு அந்த ஆணியை அவன் சரியாக நிறுத்தினானா என்பதை இரண்டும் சொல்லவில்லை. ஒழுக்கம் பற்றிய கேள்வி அந்த இடைவெளியில் இருக்கிறது. எந்தச் சங்கத்திலும் சேராத ஒருவன் அதை நிரப்பிவிடலாம். அட்டை வைத்திருப்பவன் காலியாகவே விட்டுப் போகலாம்.

அப்படியானால் சங்கம் எதற்கு? தோல்வி இன்னதென்று ஒருவனுக்கு எண்ணிக்கையோடு காட்டக்கூடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்படி யாருமில்லாத தொழிலில், செய்யாமல் விட்டது இன்னதென்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் ஒருவனுக்குத் தெரியாது.