தலைமடையும் கடைமடையும்

ஆறு பிறக்கும் நாட்டுக்கே சொந்தமா, அது பாயும் வழியெங்கும் வாழ்பவர்களுக்கும் அதில் உரிமை உண்டா என்ற கேள்வி துருக்கியின் அயலுறவில் பல பத்தாண்டுகளாகத் தீராமல் கிடக்கிறது. யூப்ரடீஸ் ஆற்று நீரில் பெரும்பகுதி துருக்கி மலைகளில் சேர்கிறது. சிரியாவும் ஈராக்கும் கடைமடையில் இருக்கின்றன. பின்தங்கிய தென்கிழக்குப் பகுதியை முன்னேற்றத் துருக்கி 22 அணைகள் கொண்ட திட்டம் வகுத்தது; ஹர்ரான் சமவெளியில் பருத்தி செழித்தது. சிரியாவுக்கு நொடிக்கு 500 கன மீட்டர் நீர் விடுவதாக 1987இல் ஒப்புக்கொண்ட அதே நாடு, 1990 ஜனவரியில் அட்டாதுர்க் அணையை நிரப்ப ஏறத்தாழ ஒரு மாதம் ஆற்றை மறித்தது. அரபு நாடுகளின் எண்ணெயில் துருக்கி பங்கு கேட்காதபோது துருக்கியின் நீரில் அவர்கள் எப்படிப் பங்கு கேட்கலாம் என்பது 1992இல் பிரதமர் டெமிரல் வைத்த வாதம்.

இதற்கு மறுப்பு துருக்கியின் பழைய சட்டத்திலேயே இருக்கிறது. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மெஜெல்லே என்ற சட்டத் தொகுப்பு, நீர், புல், நெருப்பு மூன்றிலும் மனிதர் எல்லோரும் பங்காளிகள் என்ற இஸ்லாமியக் கொள்கையை ஏற்றது. தாகம் தீர்க்கும் உரிமைக்கு அந்த மரபு தனி இடம் தருகிறது. ஆனால் பாத்திரத்தில் மொண்ட நீர் மொண்டவருக்கே சொந்தம் என்றும் அது சொல்கிறது. அப்படியானால் அணை என்பது ஆறா, பாத்திரமா? டெமிரலின் வாதம் அணையைப் பெரிய பாத்திரமாகப் பார்க்கிறது. தானே ஊறிவரும் நீரை வழியில் நிறுத்திவைப்பதை மொள்வது என்று சொல்வது கடினம்.

தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் வழக்கு வேறு மாதிரி. முல்லைப் பெரியாறு அணை இருப்பது கேரளத்தில். அதைப் பராமரிப்பதும் அதன் நீரைப் பெறுவதும் தமிழ்நாடு. சுரங்க வழியே லோயர் கேம்புக்கு இறங்கும் நீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15இல் விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். இங்கே கேரளத்தின் கவலை தண்ணீர் போகிறதே என்பதைவிட அணை தாங்குமா என்பதுதான். பயன் கிழக்கே, அச்சம் மேற்கே. 1886இல் திருவிதாங்கூர் அணைக்கான நிலத்தை 999 ஆண்டுக்குக் குத்தகையாக எழுதிக்கொடுத்தது பேரன்களைக் கட்டுப்படுத்துமா என்று கேட்கப்படுவதுண்டு. 1970இல் இரு மாநில அரசுகளும் குத்தகையை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ஆக்கிப் புதுப்பித்ததால் அந்தக் கேள்வி வலுவிழக்கிறது. நீர்மட்டம் 142 அடி வரை இருக்கலாம் என்று 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் இருப்பவரின் பயம் தீர்ந்துவிடாது. ஒப்பந்தம் உரிமையைத் தரும், பயத்துக்குப் பதில் தராது. அதற்கு அணையின் உறுதியை இரு தரப்பும் சேர்ந்து, வெளிப்படையாகச் சோதிப்பதுதான் வழி.

கடைமடைக்காரர் எல்லைக்கு அப்பால்தான் இருப்பார் என்பதும் இல்லை. வைகை அணை 1959 முதல் ஆண்டிபட்டி வட்டத்தில்தான் இருக்கிறது. அதன் நீர் மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரத்துக்குப் போகிறது. மட்டம் 67 அடியைத் தாண்டினால் 58 கிராமக் கால்வாய் வழியே உசிலம்பட்டிப் பக்கமும் திரும்பும். ஆனால் ஆண்டிபட்டிப் பகுதியின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் மழையையும் கிணற்றையுமே நம்பியிருக்கின்றன. துருக்கியிலும் டைகிரிஸ் கரையின் பழம்பெரும் ஊரான ஹசன்கெய்ஃப் 2020இல் இலிசு அணை நீரில் மூழ்கியது. அந்த ஊர்க்காரர்கள் சிரியர்களோ ஈராக்கியரோ அல்லர், துருக்கியின் குடிமக்கள்.