கழற்றிய கைதான் சொல்ல வேண்டும்

விமானங்களைப் பழுதுபார்க்கும் தோழர்களே, இன்றைய ஷிஃப்ட் முடிந்து கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

1991 செப்டம்பர் 11. அமெரிக்காவின் டெக்சாஸில், லரேடோவிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்த கான்டினென்டல் எக்ஸ்பிரஸின் சிறு விமானம் ஈகிள் லேக் ஊருக்கு அருகே வானிலேயே உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த 14 பேரும் மாண்டார்கள். வாலின் கிடை இறக்கையில், இடப்பக்க முன்விளிம்பின் மேற்புறத்தில் 47 ஸ்க்ரூக்கள் இல்லை.

முந்தைய இரவு, பனி நீக்கும் ரப்பர் உறையை மாற்றுவதற்காக அவற்றைக் கழற்றியிருந்தார்கள். ஷிஃப்ட் மாறியது. இடப்பக்கமும் கழற்றப்பட்ட செய்தி எந்தத் தாளிலும் தெளிவாக ஏறவில்லை. அடுத்து வந்தவர்கள் வலப்பக்க வேலையை முடித்து விமானத்தை அனுப்பிவிட்டார்கள். காலையில் அது லரேடோவுக்கு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. திரும்பும்போதுதான் அந்த விளிம்பு பிய்ந்தது. அந்த இறக்கை வாலின் உச்சியில் இருப்பது. தரையில் சுற்றி வந்து பார்க்கும் விமானிக்கு அதன் மேற்புறம் கண்ணில் படாது. மேலே ஏறியவருக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றியவர் ஓர் இன்ஸ்பெக்டர். சோம்பேறி அல்ல, மெக்கானிக்குகளுக்கு ஒத்தாசை செய்ய வந்தவர். எனக்கு ஆறாமல் இருப்பது இதுதான். சரிபார்க்க வேண்டியவரே வேலையில் இறங்கினால், பிறகு சரிபார்ப்பது யார்? 2003-இல் சார்லட் நகரில் 21 பேரைப் பலிகொண்ட ஏர் மிட்வெஸ்ட் விபத்திலும் இதே கதைதான். எலிவேட்டர் கேபிளைச் சரிசெய்த மெக்கானிக் அந்த ரக விமானத்தில் அந்த வேலையை அதற்குமுன் செய்ததே இல்லை. அவருக்குப் பயிற்சி தந்த இன்ஸ்பெக்டரே சில படிகளைத் தாண்டிப் போகவிட்டார்; வேலையைச் சோதித்துக் கையெழுத்திட்டவரும் அவரே.

ஆகவே, கழற்றியதை ஏணியிலிருந்து இறங்கியதும் எழுதுங்கள்; வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அல்ல, அப்போதே. அடுத்த ஷிஃப்ட்காரரை அழைத்துப் போய்ப் பாதியில் நிற்கும் வேலையைக் கைநீட்டிக் காட்டுங்கள். கண்ணால் பாராததற்குக் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்பவர் யாராக இருந்தாலும்.

விமான நிறுவன முதலாளிகளே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. டெக்சாஸ் விபத்தை விசாரித்த வாரியத்தின் உறுப்பினர் ஜான் லாபர், மேலிடம் பாதுகாப்புப் பண்பாட்டை வளர்க்கத் தவறியதையும் காரணமாகச் சேர்க்க வேண்டும் என்று தனியே எழுதிவைத்தார். “வேலை முடியவில்லை, விமானம் போகக்கூடாது” என்று சொல்லும் மெக்கானிக்கின் சம்பளத்துக்கும் வேலைக்கும் எந்தச் சேதமும் வராது என்று இன்றே எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஹேங்கர் சுவரில் ஒட்டுங்கள்.