கறளும் வாய்மையும்

காரைதீவின் கடற்காற்று இரும்பை எளிதில் விட்டுவைப்பதில்லை. அதன் உப்பு ஈரத்தை ஈர்த்துக் கறளை விரைவாக்கும். அத்தகைய கரையில், 1950இல் உற்பத்தி தொடங்கிய வொக்ஸ்வாகன் வான்களுள் படுக்கையும் அடுப்பும் கொண்ட ஒன்றை வீட்டு முற்றத்திற் புதுக்குபவன் அறச்சிக்கலொன்றை எதிர்கொள்கிறான்.

கறளின்மேற் பட்டி பூசி வர்ணந் தீட்டினாற் பழைய தகடு எஞ்சும், உள்ளரிப்போ ஓயாது. நல்ல இரும்பு தோன்றும்வரை வெட்டிப் புதுத்தகடு ஒட்டினால் வலிமை மீளும், பழமை குறையும். பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் அதே கப்பல்தானா என்று தத்துவர் வாதிட்டதைப் புளூட்டாக் குறித்துள்ளார். அவர்கள் ஆறுதலாக வாதிடலாம். இவ்வகை வானிலோ உடலே சட்டகம். அதனுள்ளே குழந்தைகள் பயணிப்பர். பழமைப்பற்று எத்துணைத் தூயதாயினும், இற்ற சட்டகத்தைப் பட்டியால் மறைத்து அவர்களை ஏற்றுவது வஞ்சனையே. வெட்டியெடுத்த தகடொன்றை நினைவாகச் சுவரில் மாட்டிவைப்பதால் எவருக்கும் தீங்கில்லை.