உப்பும் தொட்டுக்கொள்வதுதானா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில், திருநாகேஸ்வரம் ஒப்பிலியப்பன் கோயில் நைவேத்தியம் எதிலும் உப்பு கிடையாது. மார்க்கண்டேய மகரிஷி, தம் மகளாக வளர்ந்த பூமிதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாதே என்று தயங்க, உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று பெருமாள் பெண்ணை ஏற்றுக்கொண்டார் என்பது தலபுராணம்.

சாப்பாட்டில் எது சாப்பாடு, எது தொட்டுக்கொள்வது என்ற கேள்விக்கு நான் இந்தக் கோயிலில்தான் விடை தேடுகிறேன். ஊறுகாயும் துவையலும் இல்லாவிட்டாலும் சோறு சோறுதான். உப்பை அந்த வரிசையில் சேர்க்க மனம் வரவில்லை. குழம்பு கொதிக்கும்போதே போட்டுவிடுகிறோமே! இத்தனைக்கும் பந்தியில் இலை ஓரத்தில் தனியாக வைப்பதும் அதைத்தான்.

அந்தக் கோயில் புளியோதரையை நிதானமாக மென்று பாருங்கள். முதல் வாயில் நாக்கு எதையோ தேடித் தவிக்கும். பிறகு புளிப்பு, வறுத்த மிளகாயின் காரம், நல்லெண்ணெய் வாசம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். எதை எடுத்துவிட்டாலும் மீதி உணவாகவே நிற்குமோ, அது தொட்டுக்கொள்ளும் பொருள்தான். உடம்புக்கு உப்பு வேண்டும், மறுக்கவில்லை. படைத்ததை நிறைவாக்க அது வேண்டியதில்லை.

அங்கே போனால் பிரசாதத்தை வீட்டுக்குக் கட்டிவந்து ஊறுகாயோடு சாப்பிடாதீர்கள். பிராகாரத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.