காணாமை இன்மையாகுமா?

பொருள்களை அறிதற்குக் கருவியாகிய அளவைகளுள் காட்சி முதலாவதாக வைத்து எண்ணப்படும். கருதலும் உரையும் காட்சியை அடியாகக் கொண்டே நிகழ்தலின் அம்முதன்மை அதற்கு உரியதேயாம். ஆயினும், கண் காணாதது இல்லையென்று துணிதல் நியாயமாகுமா? அத்துணிவைக் கொண்டு ஒன்றை அழித்தல் அறமாகுமா? இவ்விரு வினாக்களையும், பழைய கட்டடங்களை மூவகை ஒளியிலே நிழற்படமெடுக்கும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஆசிரியர்களாகிய அன்பர்களோடு ஆராயப் புகுகின்றாம்.

கண்ணுக்கு எட்டும் ஒளி மிகச் சிறிய பகுதியே. ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் வரும் ஒரு கூறு நனோமீற்றர் எனப்படும். ஏறக்குறைய 400 முதல் 700 நனோமீற்றர் வரையுள்ள அலைநீளங்களையே நாம் காண்கின்றோம். 1800ஆம் ஆண்டிலே வில்லியம் ஏர்செல் என்னும் வானநூலறிஞர் சூரியவொளியை அரியத்தினாற் பிரித்து, செந்நிறத்துக்கு அப்பால் ஒளியே தோன்றாத இடத்தில் வெப்பமானியை வைக்க, அது ஏறிற்று. அடுத்த ஆண்டிலே யோகான் றிற்றர் என்பார், ஊதா நிறத்துக்கு அப்பால் வைத்த வெள்ளிக் குளோரைட்டு விரைந்து கறுத்தலைக் கண்டார். முன்னையது செந்நிறக்கீழ்க் கதிர். பின்னையது கழியூதாக் கதிர். இரண்டும் என்றும் உள்ளனவே. காணுந்திறமே நமக்கு இல்லாதிருந்தது.

இக்கதிர்களாற் பழம்பொருளை ஆராயும் முறையும் புதிதன்று. இருட்டறையிலே கழியூதாக் கதிரைப் பாய்ச்சினால், நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்ட சலவைக்கல் ஒருவிதமாகவும், அண்மையிற் செதுக்கப்பட்ட கல் வேறுவிதமாகவும் ஒளிரும். இதனை விளக்கி, நியூயோர்க்கு மாநகர நூதனசாலையைச் சார்ந்த யேம்சு றோறிமர் 1931இல் ஒரு நூலே எழுதினார். மேலும், வர்ணம் பூசியிருந்த இடத்துக் கல் காக்கப்பட்டும், பூசாத இடத்துக் கல் தேய்ந்தும் நிற்றலால், வர்ணம் முற்றும் உதிர்ந்த பின்னரும் அக்கோலத்தின் வரைகள் இக்கதிரிலே வெளிப்படுதல் உண்டு.

இனி, கிரேக்க நாட்டு அதென்சு நகரிலுள்ள பார்த்தினன் ஆலயத்தை நோக்குக. அது கி. மு. 447இல் தொடங்கிக் கி. மு. 432 வரையிற் கட்டப்பட்டது. பின்னர்க் கிறித்தவக் கோயிலாகவும், அதன்பின் பள்ளிவாசலாகவும் வழங்கி, 1687இல் வெனிசியப் படையின் பீரங்கிக் குண்டினால் உள்ளிருந்த வெடிமருந்து தீப்பற்றிச் சிதைந்தது. எஞ்சிய சிற்பங்களுட் பல எல்கின் பிரபுவினாற் பெயர்க்கப்பட்டு, 1816இல் பிரித்தானிய நூதனசாலையை அடைந்தன. கிரேக்கச் சிற்பம் வெண்மையினாலேயே அழகுடையது என்னும் கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றியிருந்த காலம் அது. அக்கொள்கையின் வயப்பட்டே, 1937, 1938ஆம் ஆண்டுகளிலே புதுமண்டபமொன்றில் வைத்தற்பொருட்டு, அச்சிற்பங்கள் சிலவற்றின் மேற்றோலைச் செப்புக் கருவிகளாலும் உராய்பொருளாலும் சுரண்டி வெண்மையாக்கினர். 1938இல் அது தடுத்து நிறுத்தப்பட்டது. சுரண்டப்பட்டது மீளவில்லை.

2009இலே, யொவானி வெறி என்னும் ஆராய்ச்சியாளர் அந்நூதனசாலையில் ஒரு முறையைக் கையாண்டார். பண்டைய எகிப்தியர் செம்பு, சுண்ணம், மணல் ஆகியவற்றைச் சுட்டுச் செய்த நீலம் ஒன்றுண்டு. செவ்வொளி பட்டவிடத்து அந்நீலம் ஏறக்குறைய 910 நனோமீற்றர் அலைநீளமுள்ள செந்நிறக்கீழ்க் கதிரை உமிழும். அக்கதிரை மாத்திரம் செல்லவிடும் வடிகண்ணாடியைப் பொருத்திப் படமெடுத்தால், கண்ணுக்குத் தோன்றாத ஒரு துகளும் விண்மீன்போல வெண்மையாகத் தோன்றும். ஐரிசு என்னும் தெய்வச் சிற்பத்தின் இடைக்கச்சிலே அவ்வாறு நீலம் வெளிப்பட்டது. வெண்கல்லென்று போற்றப்பட்டது வர்ணந்தீட்டிய கல்லேயாம்.

இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? காணாமை எவ்விடத்தும் இன்மைக்குச் சான்றாகாது. இருந்தாற் காணப்படுதற்குரிய பொருள், காணுதற்குரிய எல்லாச் சாதனமும் அமைந்தவிடத்தும் காணப்படாதாயின், அக்காணாமையே சான்றாகும். விளக்கேற்றிய அறையிலே குடம் காணப்படாதாயிற் குடமில்லை என்னலாம். இருளறையில் நின்று அவ்வாறு கூறுதல் பேதைமையன்றோ?

அற்றேல், கருவி காட்டுவதே முழுவுண்மை எனக் கொள்ளலாமோவெனின், அதுவும் பொருந்தாது. மேற்கூறியவாறு ஒளிர்வது அந்நீலமே. காவி முதலிய வர்ணங்கள் அவ்வாறு ஒளிரா. ஆதலின் படத்திலே ஒளி தோன்றாத இடமெல்லாம் வர்ணமற்ற இடமென்று துணிவோன், வெண்மையை விரும்பிச் சுரண்டினோன் செய்த பிழையையே வேறோர் உருவிற் செய்கின்றான். அன்றியும், கண்காணாக் கதிருக்கு நிறமென்பது இல்லை. படத்திற் காணும் கறுப்பும் வெளுப்பும், சில படங்களிற் காணும் செம்மையும் பசுமையும், படமெடுத்தோன் வகுத்துக் கொடுத்தனவே. எனவே அப்படம் காட்சியும் கருதலும் கலந்ததொன்றாம். எவ்வொளியில், எவ்வடிகண்ணாடியில் எடுத்தது, எந்நிறம் எதனைக் குறிப்பது என்பவற்றைக் கூறாது வெளியிடுதல், சான்று கூறுவோன் பாதியை மறைத்துக் கூறுதலை ஒக்கும். கழியூதாக் கதிர் மிகுதியாகப் படின் பழைய வர்ணங்கள் சில மங்குமாதலின், அறியும் ஆசையையும் அளவிலே நிறுத்தல் வேண்டும்.

சுரண்டியவர்கள் அழிக்கும் நோக்கமுடையவரல்லர். அழகைப் பேணுகின்றோம் என்றே எண்ணினர். தாம் விரும்பியதையே கல்லின் இயல்பென்று கொண்டமையே குற்றம். தீமை செய்ய எண்ணாதோரும், தம் விருப்பத்தை உண்மையென மயங்கியவிடத்துத் தீமை செய்வர். அதிலும், மீட்கமுடியாத செயலைச் செய்யப்புகுவோனுக்கு ஐயம் ஒரு கடமையாகின்றது. சேர்த்ததை நீக்கலாம், விட்டதைப் பின்னரும் ஆராயலாம், சுரண்டியதை எவர் ஒட்டுவார்? நமக்குப் பின்வருவோர் நம்மினும் நுண்ணிய கருவியுடையராதல் கூடும். அவர் காணவேண்டியதை நாம் காணவில்லையென்பதற்காக அழித்தல், பிறக்காதவர் உடைமையைக் கவர்தலேயாம்.

ஆசிரியர்கள் இவ்வுண்மையை மாணாக்கர்க்கு எளிதில் உணர்த்தலாம். தொலைக்காட்சியின் தொலையியக்கியை அழுத்தி அதன் முனையைப் பார்க்கச் சொல்லுக, ஒன்றும் தோன்றாது. அதனையே கைத்தொலைபேசியின் படக்கருவியினூடே பார்க்கச் செய்க. பல கருவிகளிலே சிறு சுடர் ஒன்று தோன்றும். தோன்றாத கருவியும் இருக்கும். அதுவும் நல்ல பாடமே. அதன்பின், "நாம் காணாதது இல்லையா?" என்று வினவுக. அவ்வினாவை ஒருமுறை உள்ளத்திற் கொண்ட பிள்ளை, பழஞ்சுவரொன்றைச் சுரண்டுமுன்னும், பிறனொருவனை ஒன்றுமில்லாதவனென்று தள்ளுமுன்னும், சற்றே நின்று நோக்கும். அந்நிற்றலே கல்வியின் பயனென்று யாம் கருதுகின்றாம்.