இலை உதிரும் நாளில் நடுகிறவன்

"இனி எனக்கு எதற்கு?" என்ற பேச்சைக் கேட்காத வீடு நம்மிடையே உண்டா? கொல்லையில் ஒரு மாங்கன்றை வைக்கலாம் என்று மகன் சொன்னால், "அது காய்க்கும்போது நான் இருக்கப் போகிறேனா?" என்று வாப்பா கேட்கிறார். வயது போனவர்கள்தாம் இப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது வயதுக்காரரும், "காலம் கெட்டுப் போச்சு, நாம் ஒருவர் நல்லது செய்து என்ன ஆகப் போகிறது?" என்கிறார். இரண்டும் ஒரே கேள்விதான். பலனைக் கண்ணால் காணப் போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு வேலையில் இறங்குவது அறிவுடைமையா, வீண் உழைப்பா?

ஏட்டில் வைத்து வாதாடினால் இக்கேள்விக்கு முடிவு கிடைக்காது. ஒரு வீட்டுத் தோட்டத்தில் வைத்துப் பார்ப்போம். அதுவும் இலைகளெல்லாம் உதிர்ந்து, குளிர்காலம் வாசலுக்கு வந்துவிட்ட நாட்களில் வைத்துப் பார்ப்போம்.

நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். காய்ந்து கிடந்த மண் நனைந்து பச்சை கட்டும். ஐரோப்பாக் கண்டத்தின் நடுப்பகுதியில் அதே நாட்களில் காட்சி வேறு. அக்டோபர் மாதம் பகல் குறுகிக்கொண்டே வரும். காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக மாறி, நவம்பர் முடிவதற்குள் பெரும்பாலானவை மொட்டையாகிவிடும். பார்ப்பவருக்கு, எல்லாம் முடிந்தது என்றே தோன்றும்.

உண்மையில் நடப்பது என்ன? காற்று அடித்ததால் மட்டும் இலை விழுந்துவிடுவதில்லை. பகல் குறைவதை உணர்ந்ததும் மரமே இலையைக் கழற்றிவிட ஏற்பாடு செய்கிறது. இலையில் உள்ள பச்சையம் சிதைகிறது. கோடை முழுதும் அதன் அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறம் அப்போதுதான் வெளியே தெரிகிறது. இலையில் உள்ள தழைச்சத்து முதலியவற்றில் பெரும்பகுதியை மரம் கிளைக்கும் தண்டுக்கும் வேருக்கும் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிறகு இலைக்காம்பின் அடியில் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டாகி, இலை தானாகப் பிரிகிறது. பிரிந்த இடத்தில் புண் இராது. மரம் அதை மூடியிருக்கும்.

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. இலை விழுந்த தழும்புக்கு மேலே உற்றுப் பார்த்தால் சிறிய மொட்டு ஒன்று தெரியும். அடுத்த ஆண்டு வசந்தத்தில் விரியப் போகிற துளிர் அதற்குள்தான் இருக்கிறது. அது குளிர்காலம் போன பிறகு உண்டானதன்று. கோடையில், இலை பச்சையாக நின்று உழைத்துக்கொண்டிருந்தபோதே, அதன் கக்கத்தில் உருவாகிவிட்டது. அந்த மொட்டுக்கு உணவு கொடுத்தது அந்த இலைதான். மொட்டு விரியும் நாளில் இலை இராது. மண்ணோடு மக்கிக் கிடக்கும். தான் காணப் போகாத வசந்தத்துக்கு உழைத்துவிட்டே ஒவ்வோர் இலையும் விழுகிறது.

இனித் தோட்டக்காரரைப் பாருங்கள். அவருக்கு இந்த வாரங்களில் ஓய்வே கிடையாது. முதல் உறைபனியில் டேலியாச் செடி கருகியதும் அதன் கிழங்கைத் தோண்டி எடுத்து, மண் உதறி, உறைபனி எட்டாத இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். ரோஜாவின் அடியில் மண் அணைக்க வேண்டும். ஆப்பிள்களைப் பறித்து, அடிபட்டதை வேறாகவும் நல்லதை வேறாகவும் பிரிக்க வேண்டும். அழுகிய பழம் ஒன்று சேர்ந்துவிட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்து மக்க விட வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே அவர் நடவும் செய்கிறார்! டூலிப், குரோகஸ் போன்ற பூச்செடிகளின் கிழங்குகளை மண்ணுக்குள் வைக்கிறார். பூண்டுப் பற்களை ஊன்றுகிறார். இவற்றுக்குக் குளிர் வேண்டும். ஏறக்குறைய 12 முதல் 16 வாரம் குளிரில் கிடந்தால்தான் டூலிப் ஒழுங்காகப் பூக்கும். குளிர் போதாவிட்டால் பூண்டு பல்பல்லாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக நின்றுவிடும்.

"ஆகவே கஷ்டமெல்லாம் நன்மைக்கே" என்று இங்கே முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. டூலிப்பைப் பூக்க வைக்கிற அதே குளிர், மண்ணில் விட்டுவிட்ட டேலியாக் கிழங்கை அழுக வைத்துவிடும். எதைக் குளிருக்கு ஒப்படைக்க வேண்டும், எதைக் குளிரிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று அறிவதே தோட்டக்காரரின் அறிவு. இன்னொன்றும் உண்டு. மண் இறுகி உறைந்துவிட்டால் மண்வெட்டி இறங்காது. நடவுக்கு உள்ள அவகாசம் சில வாரங்கள்தாம். மனம் சோர்ந்து கிடக்கிற வாரங்களும் அவைதாம்.

இப்படி ஒரு தோட்டத்தை வைத்திருந்தவர் காரெல் சாப்பெக். செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் பெயர்பெற்ற எழுத்தாளர். இன்று உலகமெல்லாம் வழங்குகிற 'ரோபோ' என்ற சொல், 1920ஆம் ஆண்டு வெளியான இவருடைய நாடகத்திலிருந்து வந்தது. அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவர் இவருடைய அண்ணன், ஓவியரான யோசெப். பிராக் நகரின் வினோஹ்ராடிப் பகுதியில் அண்ணனும் தம்பியும் ஒட்டினாற்போல் இரண்டு வீடுகள் கட்டிக்கொண்டு, 1925 முதல் அங்கே வாழ்ந்தார்கள். அந்த வீட்டுத் தோட்டத்தில் மண் கிளறிய அனுபவத்தைக் கொண்டு தம்பி எழுத, அண்ணன் படம் வரைய, 1929ஆம் ஆண்டு 'தோட்டக்காரனின் ஓராண்டு' என்ற நூல் வந்தது. மாதவாரியாக எழுதப்பட்ட நகைச்சுவை நூல் அது. குளிர்காலத்தில் இயற்கை உறங்குகிறது என்ற நினைப்பு தவறு, வசந்தத்தின் வேலை இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது அந்நூலில் அவர் வற்புறுத்தும் கருத்துகளுள் ஒன்று.

சிரித்துக்கொண்டே எழுதிய கருத்துக்கு ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு கடுமையான சோதனை வந்தது.

1938ஆம் ஆண்டு இலையுதிர்காலம். செப்டம்பர் முடிவில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்கள் மியூனிக் நகரில் கூடினார்கள். செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுப்பதென்று உடன்பாடு செய்தார்கள். யாருடைய மண்ணோ அவர்களுக்கு அந்த மேசையில் இடம் தரப்படவில்லை. அக்டோபர் பிறந்ததும் ஜெர்மானியப் படை உள்ளே நுழைந்தது. சாப்பெக்கின் சொந்த நாட்டிலேயே பத்திரிகைகளில் அவரைத் தூற்றினார்கள். பெயரில்லாத கடிதங்கள் வந்தன. வெளிநாடு போய்விடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர் போகவில்லை.

அந்த நாட்களில் அவர் என்ன செய்தார்? ஸ்தாரா ஹூத் என்ற ஊரில் அவருக்குக் கோடைக்கால வீடு ஒன்று இருந்தது. வெள்ளத்தால் அங்கே ஏற்பட்ட சேதத்தைச் சீர்செய்துகொண்டிருந்தார். முதுகெலும்பு நோயோடு வாழ்நாளெல்லாம் போராடிய அந்த உடம்புக்கு அப்போது சளி பிடித்தது. அது நுரையீரல் காய்ச்சலாக முற்றியது. டிசம்பர் 25ஆம் நாள் இறந்தார். வயது 48.

அடுத்த வசந்தத்தை அவர் காணவில்லை. 1939 மார்ச் 15ஆம் நாள், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, ஹிட்லரின் படை பிராக் நகருக்குள் புகுந்தது. அவரைக் கைது செய்ய வீடு தேடி வந்த போலீசார், அவர் முன்பே இறந்துவிட்டதை அங்கு வந்துதான் அறிந்தார்கள். அண்ணன் யோசெப்பை அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் 1945ஆம் ஆண்டு பெர்கன்-பெல்சன் முகாமில் மாண்டார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நாடு பறிபோகிறபோது வீட்டையும் தோட்டத்தையும் சீர்செய்துகொண்டிருப்பதா? அநியாயம் நடக்கும்போது வேலிக்குள் ஒளிந்துகொள்வது கோழைத்தனம் அல்லவா?

ஒளிந்துகொள்வதற்காக ஒருவர் தோட்டத்துக்குள் போனால், அது கோழைத்தனம்தான். அதில் ஐயமில்லை. சாப்பெக் அப்படிப் போகவில்லை. 1936ஆம் ஆண்டு நாவலிலும், 1937, 1938ஆம் ஆண்டு நாடகங்களிலும் போர்வெறிக்கும் கொடுங்கோன்மைக்கும் எதிராகச் சொல்ல வேண்டியதைப் பெயர் போட்டுச் சொல்லியிருந்தார். போலீசார் அவரைத் தேடி வந்தது தோட்டம் போட்டதற்காக அல்லவே! வாய் பேச வேண்டியதைப் பேசியது. கை செய்ய வேண்டியதைச் செய்தது. ஒரு கடமையைக் காட்டி மற்றொரு கடமையை அவர் தட்டிக் கழிக்கவில்லை.

நம்மில் பலரோ இரண்டையும் விட்டுவிடுகிறோம். உலகத்தைத் திருத்த நம்மால் முடியாது என்று பேசாமல் இருக்கிறோம். உலகமே இப்படி இருக்கிறபோது வீட்டை ஒழுங்குபடுத்தி என்ன பயன் என்று வீட்டையும் விட்டுவிடுகிறோம். இதற்கு இன்ஷா அல்லாஹ் என்ற புனிதமான சொல்லையும் சில சமயம் போர்வையாக்கிக்கொள்கிறோம். செய்ய முற்படுகிறவன் சொல்ல வேண்டிய சொல்லைச் செய்யாதிருப்பதற்குச் சாக்காகச் சொல்வது எவ்வளவு பெரிய தவறு!

கியாமத் நாளே வந்துவிட்டாலும், கையில் ஒரு கன்று இருக்குமானால் முடிந்தவரை அதை நட்டுவிட வேண்டும் என்ற கருத்துள்ள நபிமொழியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். நின்று யோசித்திருக்கிறோமா? அந்தக் கன்று வேர் பிடிக்காது. நிழல் தராது. காய்க்காது. நட்டவனும் இருக்க மாட்டான், தின்கிறவனும் இருக்க மாட்டான். அப்படியிருந்தும் நடு என்றால், நடுவதன் மதிப்பைப் பழத்தை வைத்து அளப்பது சரியல்ல என்றுதானே பொருள்! கையில் கன்று இருக்கிறது; காலில் மண் இருக்கிறது; மூச்சு இருக்கிறது. கடமைக்கு இவ்வளவு போதும். மீதி நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை.

ஒருவன் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவனுக்குத் தருமமாகும் என்பதும் நபிமொழியின் கருத்தே. அவன் உண்டால்தான் பலன் என்று எங்கும் சொல்லப்படவில்லை. "இனி எனக்கு எதற்கு?" என்று கேட்கிற வாப்பாவுக்கு இதில் பதில் இருக்கிறது. உங்களுக்காக அல்ல வாப்பா, வருகிற குருவிக்காக.

ஆனாலும் வாப்பாவின் கேள்வியை நாம் இளக்காரம் செய்யக்கூடாது. அதில் களைப்பு இருக்கிறது. நட்டதெல்லாம் தழைக்கவில்லை, வளர்த்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கவில்லை என்ற வருத்தமும் இருக்கும். அவரிடம் வாதம் செய்வதைவிடக் கன்றை நாமே கொண்டு வந்து, குழியை நாமே வெட்டி, "நீங்கள் வைத்துவிடுங்கள்" என்று அவர் கையில் கொடுப்பது மேல்.

குளிர்காலம் வருவது தோட்டத்துக்கு மட்டுமல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் வரும். அதற்கு முன் முடிக்க வேண்டியவை எத்தனை! கொடுக்க வேண்டிய கடனை எழுதி வைத்தோமா? பிறர் வைத்துவிட்டுப் போன அமானத்தை எடுத்துக் கொடுத்தோமா? பங்கு பாகத்தில் சகோதரிக்கு உரியதைப் பிரித்து வைத்தோமா? பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் தம்பி வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தோமா? பேரப்பிள்ளைக்கு நமக்குத் தெரிந்த தொழிலில் ஒரு பகுதியையாவது சொல்லிக் கொடுத்தோமா? மரம் இலையை விடுவதற்கு முன்னால் அதிலுள்ள சத்தைக் கிளைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. நாமோ அறிந்ததையும் வைத்திருப்பதையும் யாரிடமும் ஒப்படைக்காமல், மௌத் வந்த பிறகு பிள்ளைகள் பெட்டியைத் திறந்து தேடட்டும் என்று விட்டுவிடுகிறோம். மண் உறைந்த பிறகு மண்வெட்டி இறங்காது.

ஸ்தாரா ஹூத் வீடு இன்று சாப்பெக்கின் நினைவகமாக இருக்கிறது. அவருடைய தோட்ட நூலை இன்றும் பல மொழிகளில் படிக்கிறார்கள். ஆனால் அவர் செய்தது சரி என்பதற்கு இவை சான்றல்ல. நினைவகம் எழும்பாமல், நூலும் மறைந்து போயிருந்தாலும், அந்த நாட்களில் சேதத்தைச் சீர்செய்தது சரியான செயலாகவே இருந்திருக்கும்.

வாசகர்களே! நாளைக் காலையில் உங்கள் வீட்டில் எவரேனும் "இனி எனக்கு எதற்கு?" என்று கேட்டால், அல்லது உங்கள் மனமே கேட்டால், மொட்டையாய் நிற்கும் மரத்தின் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். இலை இருந்த இடத்தில் மொட்டு இருக்கிறது. அதை வைத்துவிட்டுத்தான் இலை போயிருக்கிறது.